பின்வலது

கம்பியில்லா ஒலிபெருக்கி என்றுதான்
அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது.
பிரித்தால்
ஆளுக்கொரு வாலாக
ஆறு மின்வடங்கள்.
அறையில் இருப்பதோ மூன்றே பிளக்.
கலைமணி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
கம்பி உண்டு என்று
எங்காவது பொடி எழுத்தில் இருக்குமென்று.

செங்காங், பதினான்காம் மாடி.
வாடகைக்கு இருந்த மாணவன் காலிசெய்த அறை.
அவன் படம் ஒட்டிய பசைநாடாவின்
நான்கு மூலைகளும் சுவரிலேயே இருந்தன.
உரிக்கச் சோம்பல்பட்டு
அதன்மேலேயே திரையை மாட்டினோம்.

முன்னிடது, முன்வலது, நடு
சொன்னபடி கேட்டன.
பின்னிடது நீல விளக்கைச் சிமிட்டிச் சிமிட்டி
மனசில்லாமல் வந்து சேர்ந்தது.
பின்வலது வரவேயில்லை.
வைஃபை பெட்டி காப்பறைக்குள் இருக்கிறது.
குண்டு விழுந்தாலும் தாங்குமென்று
வீவக கட்டிக்கொடுத்த சுவர்
ஒரு பாட்டை மட்டும் விட்டுவிடுமா?
இரும்புக் கதவைத் திறந்துவைத்தேன்.
அரிசி மூட்டை, தீபாவளி விளக்குச் சரம்,
மடக்கு நாற்காலி எல்லாவற்றையும் தாண்டி
எப்படியோ வந்துவிட்டது சிக்னல்.

பிறகு செயலி கேட்டது:
காது உயரத்தில் ஒலிவாங்கியை வையுங்கள்,
முப்பது வினாடி அமைதி தேவை.

முப்பது வினாடி!
இலகு ரயில் வளைவில் கிறீச்சிட்டது.
மேல்வீட்டில் கோலிக்குண்டு உருண்டது,
மேல்வீட்டில் பிள்ளைகளே கிடையாது.
கீழ்த்தளத்தில் யாருக்கோ கடைசித் தாளம்.
கலைமணி தும்மினார்.
மறுபடி முதலிலிருந்து.

இரவு இரண்டு மணிக்கு
இந்த நகரம் எதையோ மறந்து நின்ற இடைவெளியில்
அளந்து முடித்தோம்.

முதல் படம். பதினெட்டாம் நிமிடம்
பின்வலதில் மழை பிடித்தது.
எழுந்து ஓடினேன்.
மூங்கில் கழிகளை உள்ளே இழுத்து
கலைமணியின் பேருந்துச் சீருடை, போர்வை, துண்டு
எல்லாவற்றையும் தோளில் அள்ளிப்போட்டு
நிமிர்ந்தால்
செங்காங் முழுக்க நிலா.

மூட்டையோடு திரும்பி வந்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
"என்ன துல்லியம்" என்றார்,
என்னையா அதையா தெரியாது.

இரண்டு நாள் கழித்து மின்தூக்கியில்
பதின்மூன்றாம் மாடித் திரு சுவா
தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:
"அன்றைக்கு ராத்திரி ஒரு கனத்த ஆள் நடந்தானே,
அவனைப் பிடித்தார்களா?"

சப்வூஃபர் என்கிற கறுப்புப் பூதம்
தரையோடு பேசுகிறது.
வசனமும் முகமும் எங்களுக்கு,
காலடியும் இடியும் அவருக்கு.
வெட்கமாகிப் போனது.
பழைய யோகா பாயை இரண்டாக மடித்து
பூதத்துக்கு அடியில் செருகினோம்.
அடுத்த வாரம் அவரே கேட்டார்:
"ஏன், இப்போதெல்லாம் படமே பார்ப்பதில்லையா?"
பாயை எடுத்துவிட்டோம்.
சனிக்கிழமை மட்டும்,
பத்தரை வரை.

நேற்று சனிக்கிழமை.
படத்தில் பாலைவனம், ஒட்டகம்,
தண்ணீர் தேடிப் போகிற மூன்று பேர்.
பின்வலதில் மழை.
நான் அசையவில்லை. ஒருமுறை ஏமாந்தது போதும்.
"பாலைவனத்தில் மழையா?" என்றார் கலைமணி.
"கானலைக் காதால் காட்டுகிறார்" என்றேன்,
இயக்குநரை நானே பெற்றதுபோல.
அவர் கொஞ்சநேரம் யோசித்து
ஒலியை இரண்டு புள்ளி கூட்டினார்.
மழை மட்டும்
கூடவேயில்லை.
அப்போதும் எங்களுக்கு உறைக்கவில்லை.

காலையில் கழி வளைந்து தொங்கியது.
சீருடையின் கையிலிருந்து
சொட்டுச் சொட்டாகக் கீழே.
எட்டிப் பார்த்தேன், வாயில் மன்னிப்போடு.
பதின்மூன்றாம் மாடியில்
கழிகள் வெறுமையாக, சுத்தமாக.
திரு சுவா நேற்றே எடுத்துவிட்டிருக்கிறார்.

பூதம் அவருக்கு எல்லாவற்றையும் அனுப்பியிருக்கும்,
ஒட்டகத்தின் குளம்புகூட.
மழையை மட்டும்
அவர் ஜன்னலில்தான் கேட்க வேண்டும்.